கமராவின் கண்ணில் விழுந்த தூசு

சிறு பிராயத்திலே கண்ணில் தூசு விழுந்து நாம் கலங்கி நின்றபோது, அன்னையர் முதலிற் கூறிய சொல் ஒன்றுண்டு. "கசக்காதே!" என்பதே அது. தூசு கண்ணுக்குச் செய்யும் தீங்கைக் காட்டிலும், அதனை அகற்றப் புகுந்த விரல் செய்யும் தீங்கு பெரிது என்பதை அவர்கள் எந்தப் பாடநூலிலும் படித்தவர்கள் அல்லர், அனுபவத்தால் அறிந்தவர்கள். முதலில் மெல்ல ஊதிப் பார்ப்பார்கள். அதற்குப் போகாவிடின் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். அதற்கும் அடங்காவிடின் வைத்தியரிடம் அழைத்துச் செல்வார்கள். மெல்லியதில் தொடங்கி வலியதற்குச் செல்லும் இந்த ஒழுங்கு வேறொரு கண்ணுக்கும் அப்படியே பொருந்தும். அது இன்று நம்மவர் வீடுகள் பலவற்றிலே இருக்கும் கமராவின் கண்.

இவ்வாரம் இதனைப் பற்றி எழுத நேர்ந்ததற்கு எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு சிறு சம்பவமே காரணம்.

2023ஆம் ஆண்டு ஆவணி மாதம் நல்லூர்த் திருவிழாவையொட்டி, யாழ்ப்பாணத்திலுள்ள எங்கள் பழைய வீட்டிலே உறவினர் யாவரும் ஒன்று கூடினோம். கனடாவிலிருந்து தமையனார் குடும்பமும், மட்டக்களப்பிலிருந்து தங்கை குடும்பமும், கொழும்பிலிருந்து நானும் போய்ச் சேர்ந்தோம். எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்து பல ஆண்டுகளாகிவிட்டன. எண்பத்துநான்கு வயதான என் தாயாரை நடுவில் இருத்தி, முப்பத்தொரு பேரும் மூன்று வரிசையாக முற்றத்தில் நின்று ஒரு படம் எடுப்பதென்று முடிவாயிற்று.

படமெடுக்கும் பொறுப்பு என் தமக்கையின் மகனுக்கு. அவன் பல்கலைக்கழக மாணவன். மாலை வேளைகளிற் சிறுவர்களுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தில், ஒருவர் பாவித்த டி.எஸ்.எல்.ஆர். கமராவொன்றை வாங்கியிருந்தான். மூன்று வரிசையினரும் தெளிவாக விழ வேண்டுமென்று வில்லையின் துவாரத்தை 'எஃப் 16' அளவுக்குச் சுருக்கி, நாற்பது படங்கள் வரை எடுத்தான். அவற்றுள் சிறந்ததைப் பெரிதாக்கிச் சட்டமிட்டுக் கொண்டுவந்து தாயாரின் கையிற் கொடுத்தான்.

தாயார் வெகு நேரம் படத்தைப் பார்த்தார். பிறகு, "தம்பி, நானே தோய்த்து உலர்த்தி மடித்து வைத்த வெள்ளைச் சேலை இது. இதிலே கறை எப்படி வந்தது?" என்று கேட்டார்.

உண்மைதான். மடிக்குச் சற்று மேலே, வெண்மையான சேலையின்மீது, சாம்பல் நிறத்தில் ஒரு வட்டப் புள்ளி இருந்தது. பையனின் முகம் வாடிவிட்டது. "அது சேலையில் இல்லை, அம்மம்மா. கமராவுக்குள் தூசு" என்றான்.

"அப்படியானால் கமராவைத் தோய்க்க வேண்டியதுதானே!" என்று சொல்லிவிட்டுத் தாயார் படத்தைத் திருப்பி வைத்துவிட்டார்.

நாற்பது படங்களையும் கணனியில் விரித்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே புள்ளி. முதல் நாள் நல்லூர்க் கோபுரத்தை எடுத்த படங்களில், வானத்தின் நீலப் பரப்பிலே வேறும் பல புள்ளிகள் இருந்தன. அடுத்த வாரம் அயலிலே ஒரு திருமண வீட்டிற் படமெடுக்க அவன் ஒப்புக்கொண்டிருந்தான். கூலி பெற்றுச் செய்யும் முதல் வேலை அது. மணப்பெண்ணின் நெற்றியிலோ கூறைச் சேலையிலோ இப்படிப் புள்ளி விழுந்தால் என்னாவது? பதற்றத்தில் அவன் வில்லையைக் கழற்றி, கமராவின் வாயருகே தன் வாயை வைத்து ஊதி, சட்டைப்பையிலிருந்த கைக்குட்டையையும் வெளியே எடுத்துவிட்டான். நான் அவன் கையைப் பிடித்தேன்.

பிடித்ததற்குக் காரணம் உண்டு. எனக்கு அவன் வயது ஆகுமுன்னரே, என் தந்தையாரின் பிலிம் கமராவுக்கு அதே கைக்குட்டை வைத்தியத்தை நான் செய்திருந்தேன். கண்ணை வைத்துப் பார்க்கும் சாளரத்திலே ஒரு கரிய துகள் தெரிந்தது. வில்லையைக் கழற்றி, உள்ளேயிருந்த ஆடியை அழுத்தித் துடைத்தேன். வீட்டிலுள்ள முகம் பார்க்கும் கண்ணாடிக்கு வெள்ளிப்பூச்சு பின்புறத்தில் இருக்கும். கமராவின் ஆடிக்கோ அது முன்புறத்திலேயே இருக்கிறது. ஆதலால் என் கைக்குட்டை அந்தப் பூச்சின்மீது நேராகவே கோடுகளைக் கீறிவிட்டது. துகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அது ஆடியில் இருக்கவில்லை. மேலேயுள்ள திரையில் இருந்தது. அங்கிருக்கும் துகள் எக்காலத்திலும் படத்தில் விழாது என்பதைப் பின்னரே அறிந்தேன். இல்லாத நோய்க்குக் கொல்லும் மருந்தைக் கொடுத்திருந்தேன். தந்தையார் கோபிக்கவில்லை. "தூசு போயிற்றா?" என்று மாத்திரம் கேட்டார். அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை.

தூசு எங்கே இருக்கிறது?

ஆகவே துடைக்குமுன் அறிய வேண்டியது, தூசு எங்கே இருக்கிறது என்பதே. இந்த வகைக் கமராவின் வயிற்றுக்குள் நடப்பதை மாணவர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். வில்லையினூடாக வரும் ஒளி, முதலில் சரிவாக நிற்கும் ஓர் ஆடியில் பட்டு மேல்நோக்கித் தெறிக்கிறது. அங்கே ஒரு குவியத்திரையில் பிம்பமாக விழுந்து, ஐங்கோண அரியம் ஒன்றினூடாகவோ ஆடிகள் சிலவற்றின் வழியாகவோ நமது கண்ணை வந்தடைகிறது. பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலே எழுகிறது. பின்னாலுள்ள ஷட்டர் என்னும் திரை திறக்கிறது. ஒளி அதற்கும் பின்னாலுள்ள ஒளியுணரியில் விழுகிறது. 'சென்சர்' என்று படப்பிடிப்பாளர் சொல்வது இந்த உணரியைத்தான்.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. பார்வைச் சாளரத்திலே தெரிந்து படத்திலே தெரியாத துகள், ஆடியிலோ குவியத்திரையிலோ இருப்பது. படத்துக்கு அதனால் தீங்கில்லை. சாளரத்திலே தெரியாமல் படத்திலே தெரியும் துகள், உணரியின் முன்னே இருப்பது. எந்த வில்லையைப் பூட்டினாலும் புள்ளி அதே இடத்தில் விழுமாயின் சந்தேகமே வேண்டாம். வில்லையின் முன்கண்ணாடியிலுள்ள ஒன்றிரண்டு தூசுகள் இப்படித் தெளிவான புள்ளியாக விழுவதில்லை. எனவே முகப்பைத் தேய்த்துத் தேய்த்துத் துடைப்பதால் இந்த நோய் தீராது.

இன்னுமொன்று: தூசு உணரியின்மீதே நேராக அமர்வதில்லை. உணரிக்கு முன்னே மெல்லிய கண்ணாடி வடிகளை அமைத்திருக்கிறார்கள். தூசு தங்குவது அவற்றின் மேற்பரப்பிலேயே. நாம் துப்புரவாக்குவதும் அதனைத்தான். ஆனால் அந்த வடியிற் கீறல் விழுந்தால், கமரா வாங்கிய விலையிற் பெரும்பகுதி அதனை மாற்றவே செலவாகலாம்.

பிலிம் காலத்தில் ஏன் இல்லை?

"உங்கள் காலத்தில் இந்தத் தொல்லை இருந்ததா, மாமா?" என்று மருமகன் கேட்டான். இருந்தது, ஆனால் இவ்வளவு இல்லை. பிலிம் சுருளில் ஒவ்வொரு படத்துக்கும் புதிய பகுதி முன்னே வந்து நிற்கும். ஒரு துகள் விழுந்தாலும், அது அந்தப் படத்தோடு சுருண்டு போய்விடும். டிஜிற்றல் கமராவிலோ உணரி ஒன்றே. அது இடம் மாறுவதில்லை. இன்று அமர்ந்த தூசு, அதனை நாம் அகற்றும் நாள்வரை ஒவ்வொரு படத்திலும் தன் முத்திரையைக் குத்திக்கொண்டேயிருக்கும்.

கொடாக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன், டிஜிற்றல் கமராவின் முதல் மாதிரியை 1975ஆம் ஆண்டில் அமைத்தார். அந்நிறுவனமே 1991ஆம் ஆண்டில், நிக்கொன் எஃப் 3 என்னும் பிலிம் கமராவின் உடலில் உணரியைப் பொருத்தி, 1.3 மெகாபிக்சல் கொண்ட கமராவை விற்பனைக்கு விட்டது. வில்லையை மாற்றத்தக்க டிஜிற்றல் கமராவும், அதனோடு தூசுத் தொல்லையும், வணிக உலகுக்கு வந்தது அப்போதுதான். 2003ஆம் ஆண்டில் ஒலிம்பஸ் நிறுவனம் தனது ஈ-1 கமராவில், உணரிக்கு முன்னேயுள்ள வடியை நொடிக்குப் பல்லாயிரம் தடவை அதிரச் செய்து தூசை உதறும் உபாயத்தைக் கையாண்டது. 2006இல் கனன் நிறுவனமும் 400டி கமராவில் அத்தகைய ஏற்பாட்டைச் சேர்த்தது. பிற்காலத்துக் கமராக்கள் பலவற்றில் இந்த வசதி உண்டு.

சில படங்களில் மட்டும் தெரிவது ஏன்?

மருமகனின் மனத்தைக் குழப்பிய விஷயம் வேறொன்று. அதே நாளிரவு வீட்டு மண்டபத்தில் எடுத்த படங்களில் ஒரு புள்ளியும் இல்லை. "இரவிலே தூசு எங்கே போயிற்று?" என்றான். தூசு எங்கும் போகவில்லை, துவாரம் மாறியிருந்தது.

கணிதம் சொல்லிக் கொடுப்பவன் ஆகையால் கணக்காகவே விளக்கினேன். தூசு அமர்ந்த பரப்புக்கும் ஒளியை உணரும் பரப்புக்கும் இடையே ஒரு மில்லிமீற்றர் தூரம் என்று கொள்வோம். வில்லையிலிருந்து ஒரு புள்ளியை நோக்கி வரும் ஒளி, கூம்பு வடிவாக ஒடுங்கி வருகிறது. நுனியிலிருந்து ஒரு மில்லிமீற்றர் மேலே அந்தக் கூம்பின் விட்டம் என்ன? ஒன்றை எஃப் எண்ணால் வகுத்தால் விடை கிடைக்கும். எஃப் 2.8 ஆயின் 0.36 மில்லிமீற்றர், எஃப் 16 ஆயின் 0.06 மில்லிமீற்றர், எஃப் 22 ஆயின் 0.045 மில்லிமீற்றர்.

இப்போது 0.05 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு துகளை அங்கே வையுங்கள். எஃப் 2.8இல் அது கூம்பின் பரப்பில் நூற்றுக்கு இரண்டு பங்கையே மறைக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. எஃப் 16இல் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்ட பங்கை மறைத்துவிடுகிறது. எஃப் 22இல் ஒளி முழுவதையும் மறைத்துக் கரும்புள்ளியாக நிற்கிறது. பெரிய சாளரத்தின் முன்னே பறக்கும் ஈ அறையை இருட்டாக்குவதில்லை. சாவித்துவாரத்தில் அமர்ந்த ஈ முழு வெளிச்சத்தையும் அடைத்துவிடுகிறது. அதைப் போன்றதே இதுவும்.

மண்டபத்தில் ஒளி குறைவென்று அவன் துவாரத்தை அகலத் திறந்திருந்தான். முற்றத்திலே வெயிலும் மூன்று வரிசை மனிதரும் இருந்தமையாற் சுருக்கியிருந்தான். 24 மில்லிமீற்றர் அகலமுள்ள உணரியின் படத்தை 60 சென்ரிமீற்றர் அகலத்துக்குப் பெருப்பித்தால், எல்லாம் இருபத்தைந்து மடங்காகும். கண்ணுக்கே தெரியாத ஒரு துகளின் நிழல், ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் அகன்ற கறையாகித் தாயாரின் சேலையில் வந்து விழுந்த கதை இதுதான்.

தூசு வரும் வழிகள்

வில்லையை மாற்றும்போது வெளிக்காற்றுடன் நுழையும் தூசே பெரும்பான்மை. மருமகன் நல்லூர் வீதியிலே, சோளகக் காற்று வீச, பரப்பிய மணலிற் பல்லாயிரம் கால்கள் நடமாட, கமராவை வானத்தை நோக்கிப் பிடித்து இருமுறை வில்லை மாற்றியதாக ஒப்புக்கொண்டான். வேறு வழிகளும் உண்டு. நீண்டு சுருங்கும் வில்லைகள் துருத்தியைப் போலக் காற்றை உள்ளிழுக்கின்றன. வில்லையின் பின்மூடியிலும் கமராவின் வாய்மூடியிலும் தங்கிய தூசு, மூடும்போது உள்ளே செல்கிறது. பலர் இவற்றைத் துடைப்பதே இல்லை.

கமராவின் உறுப்புகள் உராய்வதால் உள்ளேயே துகள் பிறப்பதும் உண்டு. 2012ஆம் ஆண்டில் வெளிவந்த நிக்கொன் டி 600 கமராவின் படங்களில், புள்ளிகள் அளவுக்கு மிஞ்சித் தோன்றுவதாகப் பல நாடுகளிலும் முறைப்பாடு எழுந்தது. 2014இல் அந்நிறுவனம் அக்கமராக்களைச் சோதித்துத் துப்புரவாக்கி, ஷட்டர் முதலிய உறுப்புகளை இலவசமாகவே மாற்றிக் கொடுக்க முன்வந்தது. ஆகவே துப்புரவாக்கிய சில நாட்களுக்குள் மீண்டும் மீண்டும் புள்ளிகள் திரளுமாயின், உரியவரையே நோகாமல், பழுது பார்ப்போரிடம் காட்டுவது நலம்.

முதலிற் சோதனை

அன்று மாலை முதல் வேலையாகத் தூசின் இருப்பிடத்தைச் சோதித்தோம். சோதனை எளிது. துவாரத்தை எஃப் 22க்குச் சுருக்கி, ஐ.எஸ்.ஓ. அளவை 100இல் வைத்து, வெண்மையான சுவரொன்றின் அருகே சென்று, குவியத்தை வேண்டுமென்றே தொலைவுக்குத் திருப்பிவிட வேண்டும். ஷட்டர் திறந்திருக்கும்போது கமராவை மெல்ல அசைக்கவும் வேண்டும். அசைத்தால் படம் கெடுமே என்று நினைக்கலாம். கெட வேண்டும் என்பதே நோக்கம். சுவரின் அழுக்கும் கோடும் கலங்கிப் போய்விடும். உணரியோடு கூடவே அசையும் தூசு மாத்திரம் கூர்மையாக நிற்கும். எங்கள் சோதனையில் ஒன்பது புள்ளிகள் நின்றன.

படத்திற் புள்ளி இருக்கும் இடம் வேறு, உணரியில் அது இருக்கும் இடம் வேறு. வில்லை பிம்பத்தைத் தலைகீழாக்குகிறது. கமராவை நிமிர்த்தி வைத்து வாய்ப்புறமாக நாம் உள்ளே பார்க்கும்போது, இடம் வலம் மாறாது. மேல் கீழ் மாத்திரம் மாறியிருக்கும். படத்தின் இடப்புறத்து மேல் மூலையிலுள்ள புள்ளி, உணரியில் இடப்புறத்துக் கீழ் மூலையில் இருக்கும். இதை அறியாதவர் இல்லாத இடத்தைத் துடைத்து, இருக்கும் இடத்தை விட்டுவிடுவர்.

மூன்று படிகள்

முதற்படி, கமராவே தன்னை உதறிக்கொள்ளும் அதிர்வு முறை. கமராவை மேசைமீது நிமிர்த்தி வைத்து அதனை இயக்க வேண்டும். உதிரும் தூசைப் பற்றிக்கொள்ளும் பசைப்பட்டி கீழ்ப்புறத்தில் இருப்பதால் இப்படி வைப்பது முறை. எங்களுக்கு ஒன்பது ஏழாயிற்று. காய்ந்த துகள் உதிரும், ஒட்டிக்கொண்டது உதிராது.

இரண்டாம் படி, காற்று. வாயால் ஊதுவது கூடாது. கண்ணுக்கு ஊதலாம், கமராவுக்கு ஊதலாகாது. மூச்சோடு எச்சில் துளியும் சென்று, காய்ந்து கறையாகும். தகரக் குப்பியில் அடைத்து விற்கும் அழுத்தக் காற்றும் கூடாது. அதிலுள்ள திரவம் குளிர்ந்து தெறித்து உணரியிற் படியக்கூடும். அதன் வேகம் மெல்லிய ஷட்டரையும் குலைக்கக்கூடும். வேண்டியது, கையால் அழுத்தும் றப்பர்க் குமிழ் ஒன்றே. அதற்குள்ளும் தூசு இருக்கலாமாகையால், முதலில் வெளியே இரண்டு மூன்று தரம் ஊதிவிட வேண்டும்.

அறையின் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, நிலத்தை ஈரத்துணியால் துடைத்த பின்னரே தொடங்கினோம். மின்கலத்தை முழுதாக ஏற்றிக்கொண்டோம். இது மிக முக்கியம். துப்புரவுக்கென்றே கமராவில் உள்ள முறையைத் தெரிவு செய்தால், ஆடி மேலே எழுந்து ஷட்டர் திறந்து நிற்கும். இடையில் மின்சாரம் தீர்ந்தால் இரண்டும் மூடிக்கொள்ளும். உள்ளே ஏதேனும் நுழைத்திருந்தால் அதன்மீதே மூடும். விரலால் அழுத்திப் பிடித்து ஷட்டரைத் திறந்து வைக்கும் 'பல்ப்' முறையை இதற்கு உபயோகிப்பது ஆபத்து. கமராவின் வாய் நிலத்தை நோக்கியிருக்கப் பிடித்து, குமிழின் நுனியை உள்ளே நுழைக்காமல், கீழிருந்து மேலாகப் பத்துப் பன்னிரண்டு தரம் ஊதினோம். மீண்டும் சோதனைப் படம். ஏழு இரண்டாயிற்று.

இங்கேயே நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். பெரும்பாலோருக்கு இந்த இரண்டு படிகளே போதும். ஆனால் எஞ்சிய இரண்டிலே ஒன்று, தாயாரின் சேலையில் விழுந்த அதே புள்ளி. அது ஈரத்தோடு ஒட்டிக் காய்ந்த துகளாக இருக்க வேண்டும்.

மூன்றாம் படி, ஈரத் துடைப்பு. கை நடுங்குபவரும் மனம் அவசரப்படுபவரும் இதனைப் பழுது பார்ப்போரிடம் விட்டுவிடுவதே நன்று. செய்யத் துணிபவர், உணரிக்கென்றே செய்த தட்டையான துடைப்பானை வாங்க வேண்டும். அதன் அகலம் உணரியின் குறுகிய பக்கத்துக்குச் சரியாக இருத்தல் அவசியம்: சிறிய உணரிக்கு ஏறத்தாழ 16 மில்லிமீற்றர், முழு அளவு உணரிக்கு 24 மில்லிமீற்றர். காதுக்குப் பாவிக்கும் பஞ்சுக்குச்சி, கைக்குட்டை, கடதாசி, தண்ணீர், வாசனைத் திரவியம் எதுவும் உதவா. உணரிக்கென விற்கும் திரவத்தில், அதுவும் ஒன்றிரண்டு துளிகளே. அத்தகைய திரவங்கள் பலவற்றில் மெதனோல் உண்டு. அது நஞ்சு, எளிதில் தீப்பற்றுவது. ஆகவே அடுப்பருகே வைத்தலாகாது. பிள்ளைகளின் கைக்கும் எட்டலாகாது.

துடைப்பானைச் சற்றே சாய்த்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். பின்னர் மறுபுறத்தைத் திருப்பி, வந்த வழியே ஒரு முறை. அவ்வளவுதான். அதே துடைப்பானை மீண்டும் தொடக்கூடாது. ஒரு மணற்துகள் அதில் ஒட்டியிருந்தால் இரண்டாம் இழுப்பு கீறலாகிவிடும்.

கொழும்பிலிருந்து துடைப்பான்கள் பொதியில் வந்து சேர இரண்டு நாட்கள் சென்றன. முதல் முயற்சியில் மருமகன் திரவத்தைச் சற்று மிகுதியாக விட்டுவிட்டான். சோதனைப் படத்திலே புள்ளி போய், அதன் இடத்தில் நீண்ட ஈரக்கோடு ஒன்று தெரிந்தது. அவன் உடனே இன்னுமொன்றை எடுத்தான். நான் தடுத்து, தேநீர் குடித்து வரும்வரை காத்திருக்கச் சொன்னேன். பிறகு ஒரு துளியுடன் இரண்டாம் துடைப்பானை இழுத்தான். கோடும் போயிற்று. வலப்புறத்து ஒரு மூலையில் மாத்திரம் சின்னஞ்சிறு புள்ளியொன்று நின்றது. அதையும் எடுத்துவிட வேண்டுமென்று துடித்தான்.

"எஃப் 22இல் வெள்ளைச் சுவரைப் படமெடுக்கவா போகிறாய்? அது அங்கேயே இருக்கட்டும்" என்றேன்.

வாசகர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். உணரியை முழுத் துப்புரவாக வைத்திருப்பது எவராலும் ஆகாது. துப்புரவாக்கிய மறுநாளே ஒரு துகள் வந்து அமரும். படத்தைக் கெடுக்காத தூசை அகற்றப் புகுவது, கமராவைக் கெடுக்கும் முயற்சியாக முடியலாம். தேவையளவு செய்து நிறுத்துவதே கைகண்ட முறை.

வருமுன் காப்பது

வில்லை மாற்றுமுன் கமராவின் மின்சாரத்தை நிறுத்துங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி, கமராவின் வாயை நிலத்தை நோக்கிப் பிடியுங்கள். பூட்டப்போகும் வில்லையின் பின்மூடியைத் தளர்த்தி ஆயத்தமாக வைத்த பின்னரே முன்னையதைக் கழற்றுங்கள். திருவிழா வீதியிலும் கடற்கரையிலும் இயன்றவரை ஒரே வில்லையோடு இருங்கள். மூடிகளை இடைக்கிடை கழுவி நன்றாக உலர்த்துங்கள். கமராப் பையை வெளியே தட்டித் துப்புரவாக்குங்கள். நமது நாட்டின் ஈரக்காற்றிற்கு, இறுக மூடும் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் கமராவை வைப்பதும் நல்லது. அதனால் வில்லைகளிற் பூஞ்சணம் பிடிப்பதும் குறையும். திருமணம் போன்ற மீண்டும் கிடையாத நிகழ்ச்சிக்குச் செல்லுமுன், முதல் நாளே சுவர்ச் சோதனையைச் செய்து, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கமராவின் முதுகிலுள்ள சிறு திரையில் இப்புள்ளிகள் எளிதில் அகப்படுவதில்லை.

ஆடியில்லாத புதுவகைக் கமராக்கள் இன்று பெரிதும் பரவிவிட்டன. ஆகவே ஆடியுள்ள கமராக்கள் பாவித்தவையாகக் குறைந்த விலையில் மாணவர்களின் கைக்கு வருகின்றன. அவற்றை வாங்கும்போதே எஃப் 22இல் ஒரு சோதனைப் படம் எடுத்துப் பார்ப்பது புத்தி. தூசாயின் போக்கலாம், கீறலாயின் போக்க முடியாது.

முன்னரே விழுந்துவிட்ட புள்ளிகளுக்கும் பரிகாரம் உண்டு. கணனியிலே, அருகிலுள்ள பரப்பின் நிறத்தைக் கொண்டு புள்ளியை மூடிவிடலாம். வானத்தில் இது நொடிப்பொழுது வேலை; முகத்திலும் சேலை மடிப்பிலும் பொறுமை வேண்டும். மருமகன் அந்தக் குடும்பப் படத்தின் முன் ஒரு மாலைப்பொழுது முழுவதும் இருந்தான். திருமண வீட்டு வேலையும் குறையின்றி முடிந்தது.

புதிதாக எடுத்த பிரதியைச் சட்டத்தில் இட்டுத் தாயாரிடம் கொடுத்தபோது, அவர் விறாந்தை வெளிச்சத்துக்குப் போய்ப் பார்த்தார். முப்பத்தொரு முகங்களில் ஒன்றையும் பாராமல், முதலில் தமது சேலையையே பார்த்தார். "இப்போது சரி" என்று சொல்லிய பின்புதான், கனடாவிலிருந்து வந்த பேரப்பிள்ளைகளின் முகங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினார்.

மாணவர்களே, உங்கள் கமராவில் நாளை ஒரு புள்ளி தோன்றினால் கலங்க வேண்டாம். கையையும் நீட்ட வேண்டாம். முதலில் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உதறிப் போகுமாயின் ஊத வேண்டாம். ஊதிப் போகுமாயின் துடைக்க வேண்டாம். கண்ணைக் கசக்காதே என்று அன்னையர் சொன்னது இந்தக் கண்ணுக்கும் சேர்த்துத்தான்.